கொச்சியில் ஒரு திராட்சைப் பந்தல்

கோம்பையில் திராட்சை விவசாயம் பார்க்கும் சுரேஷ்கண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டபோது அனுசுயா சென்னையில் ஓவியம் படித்து முடித்திருந்தாள். மேற்கொண்டு படிக்க பரோடாவில் இடமும் கிடைத்திருந்தது. "கல்யாணம் முடிஞ்ச பிள்ளைக்கு அம்புட்டுத் தூரம் என்ன சோலி?" என்றாள் மாமியார் மாயக்காள். சுரேஷ்கண்ணன் வாய் திறக்கவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராகச் சேர்ந்தாள்.

கண்காட்சிகளை மட்டும் அவள் விடவில்லை. மதுரையோ கொச்சியோ, எங்கே நடந்தாலும் சுரேஷ்கண்ணன் கூட்டிக்கொண்டு போவான். தனக்குத்தானே விதித்துக்கொண்ட தண்டனை மாதிரி. அவள் பார்த்துவிட்டு வரும்வரை வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். திரும்பும் வழியெல்லாம் அவள் குறைதான் சொல்வாள். இந்தச் சிலையில் உயிரில்லை, அந்த வீடியோவில் விஷயமே இல்லை. கடைசியில், "என்னை விட்டிருந்தா இதவிட நல்லாப் பண்ணியிருப்பேன்" என்பாள். அவன் தலையாட்டுவான்.

போன முறை கொச்சியில் மழை பிடித்துக்கொண்டதால் அவனும் உள்ளே வந்தான். கண்காட்சி நடந்த பழைய கிடங்கு ஒன்றின் வாசலில் மகிமாவின் பெயர் இருந்தது. அனுசுயாவோடு கல்லூரியில் படித்தவள். இவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் கோம்பைக்கு வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவள்.

கிடங்குக்குள் கல்தூண்கள் நட்டு, துருப்பிடித்த கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டியிருந்தாள். திராட்சைப் பந்தல். கொடியில்லை, காயில்லை, வெறும் கம்பி. ஆள் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வு. வந்தவர்கள் கழுத்தைக் குனித்தே நடக்க வேண்டியிருந்தது. பாதி வழியில் நின்று பிடரியைப் பிசைந்தார்கள். சுரேஷ்கண்ணன் மட்டும் விறுவிறுவென்று நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். பந்தலை விட்டு வெளியே வந்த பிறகும் அவன் கழுத்து நிமிரவில்லை. அது அவனுக்கே தெரியவில்லை.

அனுசுயா குறை தேடினாள். கம்பியில், தூணில், வெளிச்சத்தில். ஒன்றும் அகப்படவில்லை. மகிமா ஒரே ஒரு நாள் இவர்கள் தோட்டத்துப் பந்தலுக்குள் குனிந்தவள். தான் இத்தனை வருஷமாக, லீவு நாளெல்லாம் குனிகிறோம், இந்தக் குனிவு கண்ணில் படவே இல்லை. பரோடாவுக்குப் போயிருந்தாலும் பட்டிருக்காது என்று அப்போது அவளுக்குத் தெரிந்துபோனது. அவள் திராட்சைக் குலையைத்தான் வரைந்திருப்பாள்.

திரும்பும்போது குமுளி பஸ்ஸில் சுரேஷ்கண்ணன்தான் பேச்சை எடுத்தான். "நீயா இருந்தா இதையும் தாண்டிப் பண்ணியிருப்ப. எங்கம்மா சொன்னாகன்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

'இல்லைங்க, எனக்கு இது வந்திருக்காது' என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனுஷனின் பாரம் இறங்கிவிடும். ஆனால் அதற்கப்புறம் தன்னிடம் என்ன மிஞ்சும்? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"விடுங்க. முடிஞ்சதப் பேசி என்ன?"

அதன் பிறகு அவள் எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. மதுரைக்குக் கூப்பிட்டான். பரீட்சைப் பேப்பர் கிடக்கிறது என்றாள். மறுமுறை முழங்கால் வலி என்றாள். தன் மேல் உள்ள கோபம்தான் என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான்.

ஒருநாள் சாயங்காலம் அவன் அல்லிநகரத்தில் இருக்கும் தங்கச்சி ராஜாத்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "அவளுக்கு மனசு இன்னும் ஆறலத்தா. அவ பொழப்பக் கெடுத்தது நாந்தேன்."

அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அனுசுயாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் கை நிற்கவில்லை. நறுக்கி முடித்ததை அலசி, உலையைப் பார்க்கப் போனாள்.