அசையாமல் நிற்கும் போட்டி

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருடம் அவள் பள்ளியில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, உலகப் புகழ்பெற்ற சிலைகள். பிள்ளைகள் சிலை வேடம் போட்டு மேடையில் அசையாமல் நிற்க வேண்டும். நன்றாக நிற்கிற பிள்ளைக்குப் பரிசு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படங்களை அனுப்பி, யாருக்கு எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். உயரமான கிரீடம் வைத்த எகிப்து ராணி, தீவில் வரிசையாக நிற்கும் கல் முகங்கள், நம் நடராஜர். மோவாயில் கைவைத்து யோசிக்கிறவரின் சிலைக்குத்தான் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். அதற்கு மட்டும் உட்கார்ந்துகொள்ளலாம்.

என் மகள் பார்த்தவுடனே சுதந்திர தேவியைக் காட்டினாள். தீப்பந்தத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் அமெரிக்கச் சிலை. உயர்த்தியிருப்பது வலது கை. என் மகளுக்கு வலது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிடும். பிறவியிலேயே அப்படி.

என்ன பதில் போடுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். அதற்குள் வகுப்பு மிஸ்ஸே போன் செய்தார். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று ஆரம்பித்து, பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கையில்லாத வீனஸ் சிலை இருக்குல்ல, அது பாப்பாவுக்கு ரொம்ப நேச்சுரலா இருக்கும். இன்னொரு கைய மட்டும் பின்னாடி கட்டிட்டா போதும்."

நான் "தேங்க்ஸ் மிஸ்" என்றேன்.

கணவர் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "உன் வாய்ல தேங்க்ஸ் தவிர இன்னா வரும்?" என்றார். எனக்கும் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் என்று புரியவில்லை. மிஸ் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். அந்தச் சிலையின் படத்தை வெகுநேரம் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போய் வரிசையில் நிற்கிறார்களாம். கை இல்லாததால்தான் இன்னும் அழகு என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "ச்சு" என்பார்கள். பிறகு என்னிடம் குனிந்து, மாசமாக இருக்கும்போது கம்பெனிக்குப் போனாயா என்று கேட்பார்கள்.

போனேன். ஆம்பூரில் வேறு எங்கே போவது? ஷூ கம்பெனியில் நான் தரம் பார்க்கிறவள். ஷூவில் தையல் விலகியிருந்தால், தோலில் கீறல் இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதற்குப் பிறகு யார் கையில் எடுத்தாலும் அம்புக்குறிதான் தெரியும், ஷூ தெரியாது. கம்பெனியில் அடிக்கும் பசை நெடிக்கும் குழந்தையின் கைக்கும் சம்பந்தம் இல்லை என்று வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொன்னார். நான் நம்புகிறேன். பஸ்ஸில் யாராவது கேட்கிறவரை நம்புகிறேன்.

மறுநாள் மிஸ்ஸைக் கூப்பிட்டு, சுதந்திர தேவிதான் என்று சொல்லிவிட்டேன். "உங்க இஷ்டம் மேடம்" என்றார்.

கணவர் அதே கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறார். சூப்பர்வைசரிடம் கேட்டு, ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற மெல்லிய லைனிங் தோலில் மிச்சமானதைக் கொண்டுவந்தார். அவர் வெட்டிக் கொடுத்தார், நான் தைத்தேன். முழங்கைக்கு மேல் வரைக்கும் ஏறும் ஒரு உறை, அதன் நுனியில் தெர்மகோல் தீப்பந்தம். முதலில் தைத்தது இறுக்கிப் பிடித்துத் தோலில் சிவந்த தடம் விழுந்தது. பிரித்து மறுபடி தைத்தேன். இதை மறைப்பதற்காகத் தைக்கிறேனா, தூக்கிப் பிடிப்பதற்காகவா என்று ஊசி இறங்கும்போதெல்லாம் குழம்பினேன். மகள் குழம்பவில்லை. பீரோ கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்று பழகினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் பதில் வராது. சிலை பேசுமா?

போட்டியன்று அவள் உடம்பெல்லாம் பச்சைச் சாயம். தீப்பந்தம் கொஞ்சமும் இறங்கவில்லை. பக்கத்தில் வீனஸ் வேடத்தில் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, இரண்டு கைகளையும் வெள்ளைத் துணிக்குள் பின்னால் கட்டியிருந்தார்கள். கை இருக்கிற இடமே தெரியவில்லை என்று முன்வரிசையில் வியந்தார்கள். பாவம், அந்தக் குழந்தைக்கு மூக்கு அரித்திருக்க வேண்டும். தோளில் தேய்த்தது. இரண்டு தடவை தள்ளாடிச் சிரித்தது.

முதல் பரிசு அந்த வீனஸுக்கு.

பிறகு, பட்டியலில் இல்லாத ஒரு பரிசு இருக்கிறது என்று மைக்கில் சொன்னார்கள். தன்னம்பிக்கைக்கான சிறப்புப் பரிசு. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சிறப்பு விருந்தினர் தீப்பந்தத்தோடு உறையைக் கழற்றச் சொல்லி, மகளின் கையைப் பிடித்து உயர்த்தி, எல்லோரும் பார்க்கும்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். குறையை வென்ற குழந்தை என்று நிறைய பேசினார். அவள் எப்படி நின்றாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அரங்கம் எழுந்து கைதட்டியது. மைக்கை என் பக்கம் நீட்டினார்கள். நான் தேங்க்ஸ் சொன்னேன்.

வீட்டில் சாயத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிறப்புப் பரிசாகக் கொடுத்த கோப்பையை அவள் தொடவில்லை.

"ம்மா, அவ ஆடினாம்மா. நான் பாத்தேன்."

"ம்."

"அவளப் பாக்குறதுக்கு நான் கண்ண மட்டும் திருப்பிட்டேன். அதனாலதான் எனக்கு ஃபர்ஸ்ட் வரலியா?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அந்த மேடையில் யாரும் உன் கண்ணைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அவள் சொன்ன காரணமாவது அவளால் திருத்திக்கொள்ளக் கூடியது.

"ஆமா கண்ணு. அதனாலதான்."

தலையாட்டிக்கொண்டாள். நான் சொன்னது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த வருடமும் போட்டி உண்டு என்று மிஸ் சொல்லியிருக்கிறார். பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அவள் பீரோ கண்ணாடி முன்னால் நிற்கிறாள். இப்போது கையைப் பழக்குவதில்லை. கண்ணில் நீர் கோத்து வழிகிறவரை இமைக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.