முதல் பிஸ்டல் வாங்க வந்தவர்கள்

துவக்குக் கடையில், அதாவது துப்பாக்கிக் கடையில், வேலை என்றால் நாள் முழுக்கத் துவக்கு விற்பது என்று நினைக்காதீர்கள். பாதி நேரம் "இன்றைக்கு விற்க ஏலாது" என்று மரியாதையாகச் சொல்வதுதான் வேலை.

நான் ஜேர்மனியில், ஹம் நகரில் இருந்து எசன் நகருக்கு ரயிலேறிப் போய் வருகிறவள். விளையாட்டுக்குக் காலில் போடுகிற சப்பாத்து விற்கிற கடை ஒன்றில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தேன். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். பிறகு, வேட்டைக்காரருக்கும் சுடும் கழகக்காரருக்கும் சாமான் விற்கிற இந்தக் கடையில் இடம் கிடைத்தது. முதலாளி லோமன் என்னை எடுத்தது மழைக்கோட்டும் சப்பாத்தும் விற்கத்தான். மெல்ல மெல்லக் கண்ணாடிப் பெட்டிகளின் பக்கம் நகர்ந்துவிட்டேன். இப்போது சனி ஞாயிறுகளில் நானே பிஸ்டல் போட்டிகளுக்குப் போகிறேன்.

போட்டி என்றால் ஒரே இடத்தில் நின்று சுடுகிற போட்டி இல்லை. கருவி "பீப்" என்று அடித்ததும் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து, தடுப்புகளைச் சுற்றி ஓடி, அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். வேகத்தையும் பார்ப்பார்கள், குறியையும் பார்ப்பார்கள். பாதுகாப்பு விதியில் ஒரு பிழை விட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். இந்தப் போட்டிகளுக்கென்று தங்கள் முதல் பிஸ்டலை வாங்க வருகிறவர்கள்தான் என் ஆட்கள். கழகத்தில் ஒரு வருடம் பழகி, பரீட்சை எழுதி, பொலிஸில் அனுமதி அட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். அவ்வளவு காலம் காத்திருந்துவிட்டு வருகிறவருக்குப் பொறுமை எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று, கடை மேசைக்குப் பின்னால் நின்ற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

பாரம் குறைந்தது

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அனுமதி அட்டை மனைவியின் பேரில். கதைத்தது முழுக்கக் கணவன். மனைவி முதியோர் இல்லத்தில் தாதி. சின்ன உருவம், சின்னக் கை. "இவளுக்குப் பாரமில்லாத சின்னப் பிஸ்டல் ஒன்று காட்டுங்கள்" என்றார். இந்த வேலையில் அடிக்கடி கேட்கிற பிழையான கணக்கு அது. பிஸ்டல் பாரம் குறைந்ததாக இருந்தால் சுடும்போது கையில் கூடத் துள்ளும். பாரமானது கொஞ்சமாய்த் துள்ளும், அடுத்த வெடிக்குச் சீக்கிரம் குறிக்குத் திரும்பும். கைக்கு முக்கியம் பாரம் இல்லை. பிடியைச் சுற்றிப் பிடித்த பிறகு விரல் விசையை நேராகத் தொடுகிறதா என்பதுதான்.

நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கணவனோடு வாதம் வரும். கடைக்குக் கீழே இருக்கிற சுடுகூடத்துக்கு இருவரையும் கூட்டிப் போய், சின்னதையும் பெரியதையும் மனைவியிடம் மாறி மாறிக் கொடுத்தேன். சின்னதைச் சுட்டுவிட்டு அவர் மணிக்கட்டைத் தடவினார். இரும்பில் செய்த பெரியதைச் சுட்டுவிட்டு, கேட்காமலே இன்னொரு மகசினில் தோட்டா நிரப்பினார். கணவன், "ஆனால் நாள் முழுக்க இதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டுமே" என்று இழுத்தார். மனைவி காதுமூடியைக் கழற்றி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நான் தினமும் எண்பது கிலோ ஆட்களைக் கட்டிலில் இருந்து தூக்குகிறேன், இவருக்கு இந்த ஒரு கிலோதான் கவலை."

கள்ளன் வந்தால்

இலங்கையில் இருந்து வந்த எங்கள் தமிழ் ஆட்களிடம் என் வேலையைச் சொல்வது தனிப் பாடு. "விளையாட்டுச் சாமான் கடை" என்றே கனகாலம் சமாளித்தேன். அது பொய்யும் இல்லை. ஒரு பூப்புனித நீராட்டு விழாவில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சாந்தி அக்கா திரும்பி, மண்டபத்துக்கே கேட்கும்படி, "ரஜி, நீ துவக்கு விக்கிறியாம், உண்மையோ?" என்றார். எனக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது. "துவக்குக்குப் பயந்துதான் நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்" என்று யாரோ முணுமுணுத்ததும் கேட்டது.

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? சாந்தி அக்கா கோபிக்கவில்லை. தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு கிட்ட வந்தார். அவருடைய தெருவில் இரண்டு வீடு உடைபட்டிருந்தது. துவக்கு ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ள ஏலுமோ என்று கேட்டார். ஏலாது, வீட்டுக் காவலுக்கென்று இங்கே தரமாட்டார்கள், போட்டிக்காரர்கூடத் துவக்கை வெறுமையாக்கி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேணும், எடுத்துப் போவதென்றாலும் பூட்டின பெட்டிக்குள்தான் என்று விளங்கப்படுத்தினேன். அக்கா கத்தரிக்காய்க் குழம்பை அள்ளிப் போட்டபடி சொன்னார்:

"அப்ப கள்ளன் வந்தா, 'தம்பி, இதில கொஞ்சம் இருங்கோ, நான் பெட்டியைத் திறந்திட்டு வாறன்' எண்டு அவனுக்கு ஒரு தேத்தண்ணியும் குடுக்கோணும்."

எது பெஸ்ட்?

டுசல்டோர்ஃபில் ஐ.டி. வேலை செய்கிற கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். என்னைத் தமிழ் என்று கண்டுபிடித்ததில் இருந்து சனிக்கிழமை தோறும் வந்தார். வீடியோ பார்ப்பார், ஒரு பிஸ்டலை முடிவு செய்வார், ரயிலில் வரும் வழியில் இன்னொரு வீடியோ பார்த்து முடிவை மாற்றிவிடுவார். "மேடம், இதோட ட்ரிகர் சூப்பர்னு எல்லா ரிவ்யூலயும் சொல்றாங்க. ஆனா அதோட கிரிப் நல்லா இருக்காம். எது பெஸ்ட்?" ஒவ்வொன்றாக எடுத்து, வெறுமை என்று காட்டி, கையில் கொடுப்பேன். வாங்கிப் பிடிப்பார். பெருமூச்சு விடுவார். திருப்பித் தருவார்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அவருடைய கைபேசியை மேசையில் வைக்கச் சொன்னேன். கண்ணை மூடி, பிஸ்டலைச் சுவரில் இருக்கிற புள்ளிக்கு நேரே நீட்டி, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னேன். பிஸ்டலின் மேலே இருக்கிற முன்குறியும் பின்குறியும் தானாக நேராக நின்றால் அது அவருடைய கைக்குப் பொருந்துகிறது என்று அர்த்தம். வீடியோக்கள் புகழ்ந்த இரண்டிலும் குறி வானத்தைப் பார்த்தது. எந்த அலங்காரமும் இல்லாத, பாதிக் கழகங்களில் இரவலுக்கு வைத்திருக்கிற ஒரு சாதாரண ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்டலில் நேராக நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தார். மூன்று தடவையும் நின்றது. "இதைப் பத்தி யாருமே வீடியோ போடலையே மேடம்" என்று மனவருத்தத்தோடு சொன்னார். ஆனாலும் வாங்கினார். பெட்டியை மூடிப் பூட்டி அவர் கையில் கொடுத்தபோது எனக்கு ஒரு பெரிய வேலை முடிந்த நிம்மதி. கார்த்திக் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"மேடம், இப்போ ரெண்டாவது பிஸ்டலுக்கு எது பெஸ்ட்?"

எதுவானாலும் சரி

இது சிரிப்புக்கு உரியது இல்லை, ஆனால் விட்டுவிடவும் மனம் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்யாத முகம். அனுமதி அட்டை ஒழுங்கு. முதல் பிஸ்டல் என்றார். எந்தப் பிரிவில் போட்டி போடப் போகிறீர்கள், எந்த உறை பாவிக்கிறீர்கள் என்று வழமைபோலக் கேட்டேன். "எதுவானாலும் சரி. இன்றைக்கே வேணும்." ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கவே இல்லை. "சரி, இதையே கட்டுங்கள்" என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து வருகிற ஒருவர் பிஸ்டலைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதை நான் கண்டதில்லை. எடுத்ததைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளே போய் லோமனிடம் சொன்னேன். அவர் வந்து அந்த மனிதரின் பக்கத்தில் நின்றார். "இன்றைக்கு நான் உங்களுக்கு விற்க மாட்டேன். வாருங்கள், கோப்பி குடிப்போம்" என்றார். அந்த ஆள் சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கடையைப் பூட்டிவிட்டு அவரோடு இருந்தோம். கதைக்கக் கதைக்க வெளியே வந்தது: மனைவி செத்து இரண்டு மாதம், பின்னேரங்களில் வீட்டுக்குள் போக அவரால் முடியவில்லை. தன்னை முடித்துக்கொள்ள நினைத்ததையும், லோமன் நேராகக் கேட்டபோது, ஒளிக்காமல் சொன்னார். அவருடைய தங்கையை அழைத்தோம். தங்கை வந்து வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார்.

இலையுதிர் காலத்தில் அவர் திரும்பி வந்தார், தங்கையோடு. துவக்குப் பக்கம் பார்க்கவில்லை. அனுமதி அட்டையைத் தானாகவே பொலிஸில் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் தங்கை சொன்னார். நடக்கப் போகத் தொடங்கியிருக்கிறாராம், மழைக்கோட்டு வேண்டுமாம். பச்சையில் ஒன்றைப் போட்டுக் கண்ணாடியின் முன் நின்றார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், கையை நீட்டி மடக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"தோளில் சரி, கைதான் கொஞ்சம் நீளம். இதில் வேறு அளவு இல்லையா?"

பிடிப்பக்கம்

ஜெயன் அண்ணைக்கு எசனில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் வேலை. யாழ்ப்பாணத்து ஆள், வயது ஐம்பத்தைந்து இருக்கும். கடைக்குள் வந்து என்னைக் கண்டதும் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். வேலைத்தலத்து நண்பர் ஒருவர் கழகத்துக்குக் கூட்டிப் போக, பழகிவிட்டாராம். "மனிசிக்குத் தெரியுமோ அண்ணை?" என்று கேட்டேன். "தெரியும். இரும்புப் பெட்டி வந்த அண்டையில இருந்து ஒரு கிழமை கதைக்கேல்லை. இப்ப கதைக்கிறா."

அவருடைய கைக்குப் பொருந்தக் கூடியதாக ஒன்றை எடுத்து, வெறுமை என்று காட்டி, விரிப்பில் வைத்தேன். எப்போதும்போல பிஸ்டலின் வாய் சுவர்ப் பக்கம். ஆனாலும் அவர் மேசையின் இந்தப் பக்கத்துக்குச் சுற்றி வந்து, பிஸ்டலுக்குப் பின்னால் நின்றுகொண்டார். எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். கழகத்தில் ஒரு வருடம் சுட்டவருக்கு இப்போது என்ன தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. பிடிக்கவில்லையோ, வேறு காட்டவோ என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு மெதுவாக எடுத்து, விரலை விசைக்கு வெளியே நீட்டி, ஒழுங்காகப் பிடித்தார்.

"இருவது வயசில ஊரில ஆமிச் சோதனைச்சாவடி சோதனைச்சாவடியா நிண்டு, துவக்கை நான் வாய்ப்பக்கத்தால மட்டும்தான் பாத்தது பிள்ளை. சொந்தத் துவக்கின்ர பிடிப்பக்கத்தில நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்கோணும் போல இருந்தது."

நடந்து போனவர்

ஜெயன் அண்ணையின் முதல் போட்டிக்கு நானும் போயிருந்தேன். ஹம்முக்கு அப்பால், பழைய கற்குழி ஒன்றுக்குள் இருக்கிற சுடுதளம். எனக்குத்தான் பயம். இங்கே ஆள் உருவத்தில் இலக்கு வைக்கச் சட்டம் விடாது. மண்ணிற அட்டைதான், பார்த்தால் ஆமை ஓடு மாதிரி இருக்கும். ஆனால் சுற்றிலும் வெடிச் சத்தம் கல்லில் மோதித் திரும்பி வரும். அதற்குள் அவரை நிற்க வைத்துவிட்டேனோ என்று யோசித்தேன். அவரோ தன் முறை வரும்வரைக்கும் ஒரு கட்டைச் சுவரில் குந்தியிருந்து, மனைவி கட்டிக் கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டார். எனக்கும் பாதி தந்தார்.

"பீப்" அடித்தது. பிஸ்டலை உறையிலிருந்து அளவாக எடுத்தார். இரண்டு அட்டை, ஒரு தட்டு, தட்டு விழுந்தது. அடுத்த தடுப்புக்கு எல்லோரும் பாய்ந்து ஓடுகிற இடத்தில், ஜெயன் அண்ணை கோவில் வீதி சுற்றுகிற மாதிரி நடந்து போனார். பிஸ்டலின் வாய் நேரே முன்னால், விரல் விசைக்கு வெளியே. சுட்டார், நடந்தார், சுட்டார். ஒன்றும் தவறவில்லை, நேரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. முடிவில் பிஸ்டலை வெறுமையாக்கிக் காட்டியதும், நேரம் பார்க்கிற நடுவர், இளம் பெண், நல்ல மனத்தோடு ஜேர்மனில் சொன்னார்: "அருமை! ஆனால் நீங்கள் இதில் ஓடலாம், தெரியுமா? அனுமதி இருக்கிறது." அண்ணை அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி என்னிடம் வந்தார். முகத்தில் வேர்வைகூட இல்லை.

"வெடிச்சத்தம் கேட்டு நான் ஓடின ஓட்டம் இந்தச் சென்மத்துக்குப் போதும் எண்டு அந்தப் பிள்ளைக்கு எப்பிடி ஜேர்மனில சொல்லுறது?"

இவ்வளவையும் கண்ட பிறகும், நாளைக்குக் கதவைத் திறந்ததும் முதலாவதாக வருகிறவர் "படத்தில் கதாநாயகன் வைத்திருப்பானே, அது இருக்கா?" என்றுதான் கேட்பார், நானும் முதல் தடவை கேட்கிற மாதிரியே சிரிப்பேன்.