என் கணவரின் கையைப் பிடித்த சீனப் பெண்

இது நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தில், நாங்கள் இப்போதும் குடியிருக்கிற இதே வீட்டில் தொடங்கி, நாலு பஸ் நிறுத்தம் தள்ளியுள்ள ஒரு பூங்காவில் முடிந்த கதை. அன்று நான் ஆடிய கூத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. எனக்குச் சந்தேகக் குணம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன். ஹம்பர்க்கில் இருக்கிற என் மகளைக் கேட்டால் வேறு அளவு சொல்லுவாள். கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கிப் பாதியில் திரும்பிவந்து, பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். என் கணவர் இதற்கு நேரெதிர். இளந்தாரியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அகதி விண்ணப்பம், முகாம் எல்லாம் பார்த்து, பிறகு ஒரே இரும்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றவர். அந்த வருடம்தான் ஓய்வெடுத்திருந்தார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுப் பகுதியில் வேலை செய்கிறேன். கரண்டி பிடிக்க முடியாதவர்களுக்கு ஊட்டிவிடுவதும் என் பொறுப்பு. வேலை முடிந்து வந்து கதிரையில் விழுந்ததும் அன்றைய கதையையெல்லாம் அவரிடம் கொட்டினால்தான் எனக்குத் தேநீர் இறங்கும். யாருடைய கை எப்படி ஆடியது, சூப் எப்படி என் சட்டையில் தெறித்தது என்று செய்தும் காட்டுவேன். முன்பெல்லாம் அவர் சிரிப்பார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அது தேநீரில் தொடங்கியது. கோப்பை ததும்பத் ததும்பக் குடிக்கிற மனிசன் திடீரென்று பாதி போதும் என்றார். சரி, சீனி கூடியிருக்கும், டொக்டர் சொல்லியிருப்பார் என்று விட்டேன். பிறகு தபால் பெட்டியின் சாவி அதன் ஆணியில் இல்லை. கேட்டதற்கு, தான் சும்மாதானே இருக்கிறேன், தானே கடிதம் எடுத்துவருகிறேன் என்றார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அந்தப் பெட்டியைத் திறந்து பாராத ஆள்.

அடுத்தது, வெளியே போனால் வலது கை எப்போதும் காற்சட்டைப் பைக்குள். கோயிலில் கும்பிடும்போது மட்டும் வெளியே வரும், அப்போதும் இரண்டு கையையும் இறுக்கிக் கோத்து வைத்திருப்பார். முன்பு தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடிப்பார். அதுவும் நின்றுபோனது.

ஏப்ரல் மாதம் ஒருநாள் பார்க்கிறேன், விரலில் கலியாண மோதிரம் இல்லை.

"மோதிரம் எங்கை?" என்று கேட்டேன்.

"விரல் வீங்குது. கழட்டி வைச்சிருக்கிறன்" என்றார், என் முகத்தைப் பாராமல்.

விரல் வீங்குகிற வெயிலா அது? தடித்த ஜாக்கெட் இன்னும் உள்ளே வைக்கவில்லை. அன்று அவர் குளிக்கப் போனதும் அவருடைய அலுமாரியைக் கிளறினேன். மோதிரம் ஒரு காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் அடி தட்டையான புதுக் கறுப்புச் சப்பாத்து, தொளதொளவென்று ஒரு காற்சட்டை. இருபத்தொன்பது வருடமாக அவருக்கு உடுப்பு வாங்குகிறவள் நான். இது நான் வாங்கியது இல்லை.

செவ்வாயும் சனியும் காலை பத்து மணிக்கு நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். வீட்டில் என்னோடு இருக்கும்போது அந்தத் தெளிவு இல்லை. நடந்துவிட்டு வருகிற மனிசனுக்கு ஏன் இவ்வளவு சந்தோசம்?

மிச்சத்தைக் கோயிலில் பழக்கமான ஓர் அக்கா நிரப்பினா. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னா.

"சொல்லுறனெண்டு குறை நினையாதையும், தங்கச்சி. உம்மட மனிசனைப் பூங்காவில ஒரு சீனப் பொம்பிளையோட கண்டனான். ரெண்டு பேரும் கையோட கை வைச்சு, கண்ணை மூடிக்கொண்டு நிண்டவை."

பிரசாதம் கையில் இருந்தது. அதை என்ன செய்தேன் என்று நினைவில்லை. மோதிரம், சாவி, சப்பாத்து, தெளிவு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திப் பூட்டிக்கொண்டன. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரையும் உறவையும் விட்டு இவர் ஒருவரை நம்பித்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். இந்த வயதில் என்னை இப்படி நடுத்தெருவில் விடப்போகிறாரே என்று பயம் பிடித்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு அவருக்கு முன்பே இறங்கினேன். மகள் விட்டுப்போன மஞ்சள் ஜாக்கெட், கறுப்புக் கண்ணாடி, தலையில் துணி. பஸ்ஸில் போய்ப் பூங்காவின் வேலிச்செடிக்குப் பின்னால் பதுங்கினேன். ஒரு ஜெர்மன் அம்மாவின் நாய் வந்து என் காலை மோப்பம் பிடித்தது. ஏதாவது தேடுகிறீர்களா என்று அந்த அம்மா கேட்டா. காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டேன் என்றேன். அவவும் குனிந்து கொஞ்ச நேரம் தேடினா, பாவம்.

பிறகு அவர் வந்தார். தனியாக இல்லை, பத்துப் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் தலை நரைத்த ஜெர்மன்காரர். முன்னால் என் வயதில் ஒரு சீனப் பெண், கட்டையாக வெட்டிய தலைமயிர், சாம்பல் நிறச் சுவெட்டர். எல்லோரும் மெல்ல மெல்ல அசைந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஜன்னலைத் துடைப்பது போலக் கைகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போயின. முழங்காலைக் கொஞ்சம் மடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் ஒரு காலுக்கு மாற்றிய பிறகுதான் மற்றக் காலை எடுத்தார்கள். என் கணவரும் அப்படித்தான் அசைந்தார். வீட்டில் குனிந்து ஒரு கடதாசி எடுக்கப் பஞ்சிப்படுகிற மனிசன். அவர் அவ்வளவு வடிவாக நின்று நான் கண்டதில்லை. அது எனக்கு எரிச்சலை இன்னும் கூட்டியது.

இத்தனை பேர் இருக்கிற இடத்தில் என்ன நடந்துவிடப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. இத்தனை பேரை வைத்துத்தான் மறைக்கிறார்கள் என்று மற்ற மனம் சொன்னது. இரண்டாவது மனத்தின் பேச்சைத்தான் நான் எப்போதும் கேட்பது.

கடைசியில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்தார்கள். அந்தப் பெண் நேரே என் கணவரிடம் வந்தாள். அவர் வலது கையை நீட்டினார். அவள் தன் மணிக்கட்டை அவர் மணிக்கட்டில் மெல்ல வைத்தாள். இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கை முன்னுக்குப் போனது, பின்னுக்கு வந்தது, மறுபடி போனது. ஊஞ்சல் ஆடுகிறார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் என் காலை என்னால் பிடித்துவைக்க முடியவில்லை.

"இதுதானோ உங்கட நடை?" என்று கேட்டுக்கொண்டே புல்வெளிக்குள் நடந்தேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவருடைய கை சட்டென்று பைக்குள் போனது. நான் அவரைத் தாண்டி அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்று, என் புருசனின் கையை விடு என்று ஜெர்மனில் கத்தி, இரண்டு கையாலும் அவளைத் தள்ளினேன். ஆம், தள்ளினேன். அறுபதை எட்டப்போகிற வயதில், பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க.

அவள் திருப்பித் தள்ளவில்லை, விலகி ஓடவுமில்லை. அவளுடைய கை மேலே வந்து என் முன்கையில் துணி பட்டதுபோலப் பட்டது. இடுப்பு கொஞ்சம் திரும்பியது. நான் தள்ளிய இடத்தில் ஒன்றும் இல்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்து முட்டிய கதவு திறந்திருந்ததுபோல முன்னால் பறந்தேன். ஒரு சப்பாத்து கழன்று எங்கேயோ போனது. முகம் புல்லில் அடிபட்டிருக்கும், ஆனால் என் முழங்கை அவள் கைக்குள் இருந்தது. என்னை விழுத்தியவளே பிடித்து நிமிர்த்தி, நோகிறதா என்று கேட்டாள்.

என் கணவர் சப்பாத்தை எடுத்துக்கொண்டு பதறி ஓடிவந்தார். அவசரத்தில் கையை மறைக்க மறந்துவிட்டார். சப்பாத்து அவர் கையில் ஆடியது. நான் வாங்கிக்கொண்ட பிறகும் கை நிற்கவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன.

அந்த உருட்டல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மத்தியானமும் ஆறேழு கைகளில் நான் பார்க்கிற உருட்டல் அது. பார்க்கின்சன் வருத்தம், கையை ஓயாமல் ஆடவைக்கிற நரம்பு நோய்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"தீபாவளிக்கு முன்னமே டொக்டர் சொல்லிட்டார்."

பூங்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்து மிச்சத்தையும் சொன்னார். கோப்பையைத் தூக்கினால் மோதிரம் அதில் டக்டக்கென்று அடிக்கும், நான் திரும்பிப் பார்த்துவிடுவேன் என்று கழற்றினாராம். நிறைந்த கோப்பை சிந்தும் என்று பாதி. நரம்பு டொக்டர் வரச்சொல்லி நாள் குறித்து அனுப்புகிற டெர்மின் கடிதங்கள் என் கண்ணில் படக்கூடாது என்று சாவி. சமநிலைக்கு நல்லது, விழாமல் இருக்க உதவும் என்று அந்த டொக்டர்தான் தாய்ச்சி என்கிற இந்தச் சீனத் தற்காப்புக் கலை வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீர் பின்னேரம் வந்து அந்த ஆக்களின்ர கை ஆடுறதைச் செய்து காட்டுவீர். பிறகு நான் எப்பிடியப்பா சொல்லுறது?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. நாள் முழுக்க நடுங்குகிற கைகளுக்குச் சோறூட்டுகிறவள், வீட்டில் எனக்கு முன்னால் இருந்து பாதிக் கோப்பை குடித்த கையை அடையாளம் காணவில்லை. நான் பாராமல் விட்டேன் என்றும் சொல்ல முடியாது, காலுறை வரைக்கும் பார்த்தேனே. ஒரு பொம்பிளையைத் தேடிக்கொண்டிருந்ததால் வருத்தம் கண்ணில் படவில்லை. வெட்கத்தில் அந்த வாங்கிலேயே விம்மி விம்மி அழுதேன்.

வகுப்பின் ஆசிரியையான அந்தச் சீனப் பெண் சுடுதண்ணிப் போத்தலில் இருந்து எங்களுக்குத் தேநீர் ஊற்றினா. எனக்கு முழுக் கோப்பை. அவருக்குக் கேட்காமலே பாதி. வாரத்தில் இரண்டு நாள் காண்கிற அவவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவ சிரித்தா. வேலிக்குப் பின்னால் மஞ்சள் ஜாக்கெட்டைத் தொடக்கத்திலேயே கண்டுவிட்டாவாம். பிறகு ஒரு கதை சொன்னா. இந்தக் கலை வெகுகாலம் சீனாவில் ஒரு கிராமத்தில் ஒரே குடும்பத்துக்குள் இருந்ததாம், வெளியாட்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டார்களாம். அந்த வீட்டில் வேலைக்கு வந்த ஒருவன் சுவர் வெடிப்பால் ஒளித்துப் பார்த்துத் தனியாகப் பழகியிருக்கிறான். ஒருநாள் பிடிபட்டான். அடி விழும் என்று எல்லோரும் நினைக்க, அந்த வீட்டு ஆசான், நீ கண்டதைச் செய்து காட்டு என்றாராம். அவன் செய்ததைப் பார்த்துவிட்டு அவனையே மாணவனாக எடுத்துக்கொண்டார். அவனால்தான் இது ஊரைவிட்டு வெளியே வந்து உலகமெல்லாம் பரவியதாம். அதனால் ஒளித்துப் பார்க்கிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை என்றா.

அந்த நிலைமையிலும் என் குணம் விடவில்லை. அவன் ஒளித்துப் பார்த்ததை யார் பார்த்தது என்று கேட்டேன். தன் ஆசான் சொன்னதைத்தான் தான் சொல்கிறேன், மலையில் ஒரு துறவி பாம்பும் கொக்கும் சண்டை பிடித்ததைப் பார்த்து உண்டாக்கினார் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், விருப்பமானதை எடுத்துக்கொள் என்றா.

நான் ஏன் விழுந்தேன் என்றும் கேட்டேன். நீ முழுப் பாரத்தையும் போட்டுத் தள்ளினாய், அதனால் நீ எங்கே போகப்போகிறாய் என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது என்றா. இதில் கையின் முதல் வேலை தள்ளுவதில்லையாம், மற்றவரின் பாரம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று கவனிப்பதாம். சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து என் கணவரின் மணிக்கட்டில் வைத்தா. பிடிக்காதே, தள்ளாதே, விட்டு விலகவும் விலகாதே என்றா.

அவருடைய நடுக்கம் என் கைக்குள் வந்தது. அந்தக் கை முன்னுக்கு வரும்போது நான் பின்னுக்குப் போனேன், அது போகும்போது நான் கூடப் போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஆள் இல்லையே நான். வீட்டுக்கு வந்ததும் டொக்டரின் கடிதங்களை வாங்கி ஒரு வரி விடாமல் வாசித்தேன். அவர் சொன்னது எல்லாம் உண்மை. ஒன்றாவது பொய்யாக இருக்கக்கூடாதா என்றுதான் வாசித்தேன்.

நடுக்கம் போகவில்லை, போகும் என்று யாரும் சொல்லவுமில்லை. இப்போது வலது காலும் கொஞ்சம் இழுபடுகிறது. சட்டைப் பொத்தான் சில நாட்களில் நான் பூட்டிவிடுகிறேன். சனிக்கிழமைகளில் நானும் பூங்காவுக்குப் போகிறேன். மூன்று வருடமாகியும் எனக்குத் தள்ளத்தான் வருகிறது, ஆசிரியையும் சலிக்காமல் முழங்கையைப் பிடிக்கிறா. கோயில் அக்காவுக்கு நான் இன்னும் விளக்கம் சொல்லவில்லை, இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும். வேலையில் நடந்ததை வீட்டில் செய்து காட்டுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

காலுறைக்குள் இருந்த மோதிரத்தை அன்றைக்கே நான்தான் எடுத்து அவர் விரலில் போட்டேன். சிந்தினால் சிந்தட்டும் என்று கோப்பை நிறையத் தேநீர் ஊற்றுகிறேன். நான் குசினியில் நிற்கும்போது முன்னறையில் மோதிரம் கோப்பையில் டக்டக்கென்று அடிக்கும். நான் கேட்டுவிடக்கூடாது என்று என் மனிசன் ஆறு மாதம் ஒளித்த அந்தச் சத்தம் கேட்டால்தான் இப்போது எனக்கு அடுப்பில் கை ஓடுகிறது.