பக்கத்துக் கொல்லை ஆடுகள்

ஜெயிலை விட்டு வெளியே வந்த அன்று நான்கைந்து தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். நான் எதையும் படிக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டு, பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வரப்புத் தகராறில் ஓர் உயிர் போனதற்காக உள்ளே இருந்தவன் நான். அங்கே எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். வெளியே போனதும் வேலை இல்லாமல் மட்டும் இருக்காதே. ஊரில் ஒரு கிணற்று மோட்டார் காணாமல் போனாலும் முதலில் உன்னைத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஓர் அம்மா ஸ்கூட்டியில் வந்தார். தருமபுரி நன்னடத்தை அலுவலர் ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னார். காக்கி உடுப்பு இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் கையிலிருந்த தாளின் அடியில் என் கையெழுத்து இருந்தது.

"இப்ப என்ன பண்றீங்க?"

"ஆடு மேய்க்கிறனுங்க."

"யாரு ஆடு?"

"என்னுதுங்க."

அக்கா வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. பார்க்கலாமா என்று கேட்டார். பக்கத்துக் கொல்லையில் மேய்ந்த பன்னிரண்டு ஆடுகளைக் காட்டினேன். நம்பட்டும் என்று நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டேன். ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டே சொன்னார். "விடுதலையாகி வர்றவங்க தொழில் தொடங்க அரசாங்கம் பணம் குடுக்குதுங்க. நீங்க ஆடு வாங்கணும்னு கேட்டிருந்தீங்க. அதான் இருக்குதே. தேவையில்லன்னு எழுதிக்கட்டுங்களா?"

உள்ளே இருந்தபோது, வெளியே போய் என்ன செய்வாய் என்று ஓர் அதிகாரி கேட்டதும், ஆடு என்று நான் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் அரசாங்கம் சும்மா பணம் கொடுக்குமா? பேச்சை மாற்றுகிறேனா என்று பார்க்கத்தான் இப்படிக் கேட்கிறாரோ? ஸ்டேஷனில் முதல் நாள் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொன்னதற்குத்தான் நான் அதிகம் அடி வாங்கினேன். சரி என்று தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

சாயங்காலம் ஆட்டுக்காரர் வந்தார். அக்கா வீட்டுக்காரருக்கு அண்ணன் முறை.

"என்ன மாப்ள, என் ஆடெல்லாம் உன் பேருக்கு மாறிடுச்சாம்? அப்ப நாளைலருந்து தழ ஒடிச்சுப் போடவும் நீயே வந்துடு."

அக்கா சிரிக்கவில்லை. "ஆபீசுக்குப் போயி நெசத்தச் சொல்லுடா. இன்னும் எத்தன நாளைக்கு எங்க வூட்டு அடுப்பையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்ப?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியும் கிளம்ப மூன்று நாள் ஆனது. ஆபீஸ் வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்து எதிரில் இருந்த வேப்பமரத்தடியில் நின்றேன். மூன்றாம் முறை உள்ளே போய்விட்டேன்.

"அந்த ஆடு என்னுதில்லீங்க மேடம்."

"நீங்க கூப்பிட்டப்ப ஒண்ணுகூடத் திரும்பல. அப்பவே நெனச்சேன். தாள இன்னும் மேல அனுப்பலீங்க. இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

வெள்ளைத்தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். 'எனக்குச் சொந்தமாக ஆடு இல்லை' என்று எழுதினேன். கீழே நிறைய இடம் இருந்தது. யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடக் கூடாதென்று அதில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்கமேல நம்பிக்கை இல்லீங்களா?"

நான் பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

நான்கு மாதம் கழித்து ஐந்து ஆடு வாங்கினேன். உதவி கொடுத்ததற்கான உத்தரவை ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். குளிக்கும்போது மட்டும்தான் அது என்னிடம் இருக்காது. யாரு ஆடு என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள்.