கோயிலுக்குத் திறக்கிற கார்

கார் ரிமோட் பார்க்கிற தொழிலில் ஒரு சாபம் உண்டு: நான் போய் நின்றால் எந்தக் காரும் நல்ல பிள்ளையாகத் திறக்கும், நான் திரும்பிக் கொழும்பின் காலி வீதிக்கு ஏறியதும் பழையபடி பூட்டிக்கொள்ளும். சொந்த வீட்டு வாசலில் நின்று பட்டனை அமத்தி அமத்திப் பெருவிரல் தேய்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கொள்ளுப்பிட்டியில் திறக்கும், தெஹிவளையில் திறக்கும், வீட்டில் மட்டும் திறக்காது. பற்றரியும் புதிது, சாவியும் புதிது. ஆனால் பக்கத்தில் எங்கோ ஒரு சாமான் அதே அலைவரிசையில் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் ரிமோட் சொல்வது காருக்குக் கேட்காது. அந்தச் சாமானைத் தேடிப் பிடிப்பதுதான் என் பிழைப்பு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஏச்சு எனக்குத்தான்.

அந்தோனியாரின் வெளிச்சம்

கொட்டாஞ்சேனையில் சூசை அண்ணனின் கார், ஜன்னலுக்குக் கீழே நிற்கும். ஜன்னலுக்கு உள்ளே அந்தோனியார் சொரூபம். அதைச் சுற்றி நடைபாதைக் கடையில் வாங்கிய மின்விளக்கு மாலை, இரவு பகலாக எரியும். கார் வாங்கிய அன்று, அதற்கு ஒரு கீறலும் விழக்கூடாது என்று வைத்த நேர்த்தியாம்.

மாலையின் பிளக்கைக் கழற்றினேன், கார் திறந்தது. கொளுவினேன், திறக்கவில்லை. அண்ணனின் கண்ணுக்கு முன்னாலேயே திரும்பத் திரும்பச் செய்து காட்டினேன். விளக்கில் உள்ள மட்டமான அடப்டர்தான் வில்லன், வேறு நல்லதாக ஒன்று போடுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்: "தம்பி, அந்தோனியார் காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவர். காரைப் பூட்டி வைக்கிறவர் இல்லை. நீர் வேற இடத்தில பாரும்."

சைவக் கார்

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் வெள்ளவத்தையிலிருந்து புனிதா ரீச்சர் அழைத்தார். கடற்கரைப் பக்கம் ஒரு பிளாட்ஸில் முதலாம் மாடி. கணவர் சிவபாதம் ஐயாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ரீச்சர் முதலில் கீழே இறங்கிக் காரைத் திறந்து, ஏசியைப் போட்டுவிட்டு, பிறகு மேலே வந்து ஐயாவைக் கைபிடித்துக் கூட்டிப்போவார். அந்தக் கார்தான் திறக்க மாட்டேன் என்கிறது. ஏற்கெனவே சில முறை போகாமல் விட்டுக் கால் வீங்கி, டொக்டர் ரீச்சரைக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் ஆளை இழந்துவிடுவீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்.

ரிமோட்டுக்குள் ஒரு இரும்புச் சாவி இருக்கிறதே என்பீர்கள். அதையும் காட்டிக் கொடுத்தேன். அதனால் திறந்தபோது கார் போட்ட கூக்குரலில் பிளாட்ஸ் முழுவதும் பல்கனிக்கு வந்தது. ரீச்சர் அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. ஆஸ்பத்திரி இல்லாத நாட்களில்தான் அவருக்கு ஓய்வு, ஆகவே நானும் அந்த நாட்களில்தான் போனேன். ஒவ்வொரு முறையும் கார் பளிச்சென்று திறந்தது. நான் தலையைச் சொறிய, ரீச்சர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"கோயிலுக்கு எண்டால் உடன திறக்குது. ஆஸ்பத்திரிக்கு எண்டால் திறக்காது. உண்மையாச் சொல்லும் தம்பி, இது என்ன, சைவக் காரோ?"

ஆளுக்கொரு வைத்தியம்

பழுது பிடிபடவில்லை என்று தெரிந்தால் போதும், ஊரே மெக்கானிக் ஆகிவிடும். ஒருவர் கடல் உப்பு என்றார். இன்னொருவர் டயருக்குக் கீழே தேசிக்காய் வைக்கச் சொன்னார், வைத்தும் ஆயிற்று. ரீச்சரின் கனடா மகன் காரை விற்றுவிட்டு ஓட்டோவில் போகச் சொன்னான். சிகிச்சை முடிந்து தலை நிமிர்த்த முடியாமல் வருகிற மனிதரை ஓட்டோவில் குலுக்கிக்கொண்டு வருவது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. ரீச்சர் அழுதார்.

அக்கறையாகப் பேசியவர் ஐயா ஒருவர்தான். துறைமுகத்தில் கப்பல்களோடு ரேடியோவில் கதைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவசரத்துக்கு ரீச்சரைக் கூப்பிட, வயரில்லாத பெல் ஒன்றின் பட்டனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருப்பார். பெல் இருப்பது ரீச்சர் சமைக்கிற குசினியில். எந்த அலைவரிசை, எவ்வளவு தூரம் எட்டும் என்றெல்லாம் விசாரித்தார். விஷயம் தெரிந்த ஒருவர் கிடைத்தாரே என்று நானும் மகிழ்ந்து, எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கீழே இறங்கினால் காவலாளி, இது பேயின் வேலை என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னான்: "ஹொல்மனெக் சேர், ஹொல்மனெக்!"

குசினியில் அடித்த பெல்

கடைசியில், வருவது வரட்டும் என்று ஆஸ்பத்திரி நாளிலேயே போனேன். ரீச்சர் ரிமோட்டை அமத்தினார். கார் அசையவில்லை. நான் அமத்தினேன். அசையவில்லை. பேய் பிடித்த காரை முதல்முறையாகக் கண்ணால் கண்ட சந்தோஷத்தில், ஐயாவுக்கு நேரம் போகிறது என்பதையே ஒரு கணம் மறந்துவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டு ஹாஜியார் மேலே பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ரீச்சர், ஒங்கட ஊட்டுல பெல் வுடாம அடிச்சிக்கிட்டே ஈக்கிது! நீங்க ஆஸ்பத்திரிக்கிப் போக எறங்குற நாளெல்லாம் இப்புடித்தான்!"

ஐயாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ரீச்சர் பதறிக்கொண்டு படியேறினார். நான் பின்னால் ஓடினேன். ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளுத்த சேட்டுப் போட்டு, சீப்பால் தலை இழுத்து, கதிரையில் அமைதியாக இருந்தார். பெருவிரல் மட்டும் கழுத்துப் பட்டனை இறுக்கி அமத்தியபடி இருந்தது. குசினியில் பெல் அலறியது. எங்களைக் கண்டதும் விரலை எடுத்தார். நான் ஜன்னலால் ரிமோட்டை நீட்டி அமத்தினேன். கீழே கார் குஞ்சு மாதிரிக் கீச்சிட்டுத் திறந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை நாள், எத்தனை பிளக், எத்தனை பேரிடம் ஏச்சு! "ஐயா, தெரிஞ்சுகொண்டே செய்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒருநாள் இவவைக் கூப்பிட அமத்தினன். கீழ கார் திறக்கேல்லை. ரெண்டும் ஒரே அலைவரிசை எண்டு எனக்கு விளங்கிட்டுது," என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "நாலு மணித்தியாலம் அந்தக் கட்டில்ல, ரெண்டு ஊசியோட கிடந்து பாரும் தம்பி. பிறகு வந்து என்ர பெல்லைக் கழட்டும்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரீச்சர் ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, ஐயாவின் வீங்கிய காலைத் தடவினார். பிறகு செருப்பை எடுத்து அவருடைய காலில் மெல்லக் கொளுவிவிட்டார். ஐயாவும் காலை இழுக்கவில்லை. ரீச்சர் அவரை எழுப்பி, தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இனி ஏலாது எண்டால் என்னட்டச் சொல்லுங்கோ, ரெண்டு பேருமா இருந்து அழுவம். காரிட்டச் சொல்லாதேங்கோ."

கொழும்பில் எந்தக் காருக்கும் நான் சாவி செய்து தருவேன், வர மாட்டேன் என்று கதிரையில் இருக்கிற மனிதருக்கு மட்டும் ரீச்சரிடம்தான் சாவி இருக்கிறது.