தங்கை எழுதாத வாசகம்

எங்கள் தங்கை மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு உறவினர்களாகிய நீங்கள் அனுப்பிய குறிப்புகளில், ‘குடும்பத்துக்காகத் திருமணமே வேண்டாமென்று வாழ்ந்த தியாகி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பொய். தங்கைக்குத் திருமணம் நடந்தது. அதை முறித்தவன் அண்ணனாகிய நான். உடன் நின்றவர்கள் நீங்கள்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், அப்பாவின் மளிகைக்கடை மாடியில் தங்கை பிறந்தார். பதினாறு வயதில் அப்பாவை இழந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் எழுத்தரானார். மாப்பிள்ளையைச் சந்தித்தது அங்கேதான். அவரை வேறு சொல்லால் குறிப்பிட எனக்கு உரிமையில்லை.

செங்காங்கில் அரசாங்க வீடு வாங்குவதற்காக, இங்கே பலரும் செய்வதுபோல் முதலில் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். வீடு கிடைத்ததும் கோயிலில் தாலி என்று பேச்சு. பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்திட்டவன் நானே. இடையில், மாப்பிள்ளையின் சாதியை விசாரித்து, ‘நமக்கு ஆகாது’ என்று ஊரிலிருந்து கடிதம் வந்தது. பெரியம்மா சிரித்தார்.

“பேப்பர்ல கையெழுத்துப் போட்டா கல்யாணமா? தாலி ஏறலைல்ல, விட்டுத் தள்ளுலா!”

சட்டம் அப்படித் தள்ளவில்லை, காரணம் கேட்டது. சாதி என்று எழுத வெட்கம். நான் பட்டதாரி அல்லவா? ‘உங்களுடன் இல்லறம் நடத்த எனக்கு விருப்பமில்லை’ என்று தங்கை பெயரில் மாப்பிள்ளைக்கு நானே கடிதம் எழுதினேன். அம்மா மருந்தை ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் தங்கை கையெழுத்திட்டார். மாப்பிள்ளை அதை நம்பினார். பதிவு ரத்தானது.

பிறகு ஈசூனில் என் வீட்டிலேயே இருந்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். நம் வீட்டுத் திருமணங்களில் ஆரத்தி எடுக்க மட்டும் அவரை யாரும் கூப்பிடவில்லை. தாலி ஏறாத பதிவு அப்போது நமக்குக் கல்யாணமாகிவிட்டது.

என் மகன் மெல்பர்னில் பதிவும் இல்லாமல், தாலியும் இல்லாமல் ஒரு பெண்ணுடன் வாழ்கிறான். குழந்தை பிறந்ததும் விமானம் ஏறிப் போய்த் தொட்டிலிட்டோம். “அந்த நாட்டுல அப்படித்தான்” என்று தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அப்ப நான் பொறந்த நாடுதான் தப்பாண்ணே?” என்று கேட்டார்.

மெல்பர்னில் நடப்பது நம் அடுக்குமாடி பிளாக்கின் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் காதில் விழாது. நம் ஒழுக்கம் அவ்வளவுதான்.

மருத்துவமனையில் தங்கை என்னிடம் கேட்டது ஒன்றே. “அண்ணே, அந்த லெட்டரை நான் எழுதலைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க.” சரி என்றேன். நாற்பது நாள் உயிரோடிருந்தார். வெட்கம் பார்த்து நான் போகவில்லை.

போன மாதம்தான் போனேன். மாப்பிள்ளைக்கும் தலை நரைத்துவிட்டது. அவர் மனைவி தேநீர் தந்தார். சொல்லி முடித்தேன். மாப்பிள்ளை கோபப்படவில்லை.

“அவங்க இருக்கும்போதே சொல்லியிருந்தா, நாங்க ரெண்டு பேரும் வந்து பார்த்திருப்போமே சார்.”

தங்கையைக் கவனித்த தாதியர், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம், ஈமச்சடங்கில் தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் நன்றி. நினைவு நாளன்று மாப்பிள்ளையும் அவர் மனைவியும் வருகிறார்கள். முதல் மலரை அவர்கள் வைப்பார்கள். அதுவரை, என்னையும் சேர்த்து, நம்மில் எவரும் படத்தின் அருகே போக வேண்டாம்.