அம்மா கட்டிய விண்வெளி நிலையத்தில் இரண்டு சமையலறைகள்

சென்ற மாதம் கல்கத்தா நியூ டவுனில் அலுவலகத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகனுக்குப் பிறந்தநாள். வந்த பரிசுகளில் ஒரு பெரிய பெட்டியை அவன் பிரித்தபோது குப்பென்று புது பிளாஸ்டிக் வாசனை வந்தது. ஒன்றோடொன்று பொருத்தி விளையாடுகிற கட்டைகள். ராக்கெட் கட்டுவதற்கென்றே வந்தவையாம். எதன்மேல் எதை வைக்க வேண்டும் என்று படம்போட்ட புத்தகமும் கூடவே இருந்தது. பையன் அதைப் பார்த்துப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தான். நான் கேக் தட்டைக் கையில் பிடித்தபடி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர்களெல்லாம் சோபாவில் இருக்க நான் மட்டும் இப்படி உட்கார்ந்ததைப் பார்த்து, உனக்கும் ஒரு பெட்டி வாங்கித் தரட்டுமா என்று தோழி கேலி செய்தாள்.

அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அந்த பிளாஸ்டிக் வாசனை தனியாக வந்தது குறையாக இருந்தது. கடுகு தாளிக்கிற வாசனையும் கூட வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டைகள் இருந்தது சமையலறை மேசைமேல்தான். அவற்றை வைத்துக் கட்டியவள் என் அம்மா.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை, மாற்றல். சால்ட் லேக்கில் அரசாங்கக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. எனக்குப் பத்து வயது, தம்பி சங்கருக்கு ஏழு. நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் அடிபட்டு மிதிபட்டு எப்படியோ பெங்காலியைப் பிடித்துக்கொண்டோம். அப்பாவுக்கு அலுவலகத்தில் ஆங்கிலம் இருந்தது. முதல் குளிர்காலத்திலேயே அவர் அந்த ஊர்க்காரர்கள் மாதிரி குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டுவிட்டார். அம்மாவுக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. காய்கறிக்காரர் வந்தால் விரலால் சுட்டுவாள். பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தால் பதிலுக்குச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

வந்த புதிதில் ஒருநாள் தனியாகக் கடைக்குப் போய் வழி தவறிவிட்டாள். சால்ட் லேக் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவளைக் குறை சொல்ல மாட்டீர்கள். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. அடையாளம் என்றால் ஆங்காங்கே நிற்கிற பெரிய தண்ணீர்த் தொட்டிகள்தான். எங்கள் வீடும் ஒரு தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அம்மா சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி "டேங்க், டேங்க்" என்றிருக்கிறாள். எந்த டேங்க் என்று வண்டிக்காரர் கேட்டது இவளுக்குப் புரியவில்லை. பாவம், ஒவ்வொரு தொட்டியாக அழைத்துக்கொண்டு போயிருக்கிறார். எல்லாத் தொட்டியும் எங்கள் தொட்டி மாதிரியே இருந்ததாம். கடைசியில் ஒரு மாடி பால்கனியில் அப்பாவின் பச்சைக்கரைத் துண்டு காய்வதைப் பார்த்து "அதோ, அதோ" என்று கத்தி இறங்கியிருக்கிறாள். அன்றோடு வெளியே போவதை நிறுத்திவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள்: "பரீச்சை முடிஞ்சதும் நானும் பிள்ளையளும் ஊருக்குப் போயிருதோம். நீங்க இங்கன மெஸ்ல சாப்பிட்டுக்கிடுங்க."

அப்பா சண்டை போடவில்லை. "சரி, கோமு. டிக்கெட் எடுத்துருதேன்" என்றார். சங்கர் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். அப்பா இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்று, முடியாமல் இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. கவலை வந்தால் எனக்குப் பசிக்கும். இப்போதும் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா கரியாஹாட் நடைபாதைக் கடையிலிருந்து ஒரு பை நிறைய பிளாஸ்டிக் கட்டைகளை வாங்கிவந்தார். பெட்டியும் கிடையாது, புத்தகமும் கிடையாது. பல கம்பெனிகளின் மிச்சம்மீதிகளைக் கூட்டி அள்ளியது. சில கட்டைகள் இறுகிப் பிடிக்கும், பிரிக்கப் பல் வேண்டும். சில லொடலொடவென்று ஆடும். சக்கரம் போன ஒரு வண்டியும், யாருடையதோ தெரியாத ஒரு ஜன்னலும் அதில் இருந்தன.

சங்கர் ராக்கெட் கட்டினான். எல்லாப் பிள்ளைகளும் கட்டுவார்களே, கீழே அகலமாக, மேலே கூராக, அதுதான். படுக்கப் போகுமுன் சமையலறை மேசைமேல் வைத்தான். அம்மா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எத்தன பேரு போறாவ?"

"மூணு பேரு."

"எங்கன படுப்பாவ?"

சங்கர் ராக்கெட்டை இன்னொருமுறை பார்த்துவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ராக்கெட் இல்லை. சங்கர் அழத் தொடங்கிவிட்டான். அழுதுகொண்டே மேசையைப் பார்த்தவன் பாதியில் நிறுத்தினான். அங்கே நான்கு கால்களில் உயரமாக ஒன்று நின்றது. எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி மாதிரியே இருந்தது, ஆனால் தொட்டிக்குள்ளே அறைகள் இருந்தன. படுக்க மூன்று மஞ்சள் கட்டைகள். ஒரு சமையலறை, அதில் புகைபோக்கி. வாசலில் செருப்பு விட ஒரு சின்ன மேடை. மேலே இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நூல் கட்டி, அதில் ஒரு துண்டுத் துணி தொங்கியது. ஆடுகிற கட்டைகளுக்கு நடுவில் செய்தித்தாளைக் கிழித்துவைத்து இறுக்கியிருந்தாள். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"அம்மா, விண்வெளியில காத்தே கெடையாது. துணி எப்பிடிக் காயும்?" என்றான் சங்கர்.

"வெயில் அடிக்கில்லா? காயும்."

"அங்க எதுக்குத் துணி காயப்போடணும்?"

"வெளிய போனவிய திரும்பி வரும்போது எந்த வீடுன்னு தெரிய வேண்டாமா?" என்றாள் அம்மா.

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். கல்கத்தாவுக்கு வந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு தினமும் மத்தியானம் அந்த விண்வெளி நிலையத்துக்கு ஏதாவது ஒரு புது அறை முளைத்தது. பள்ளிவிட்டு மாடிப்படியில் ஓடும்போதே இன்று என்ன வந்திருக்கும் என்று நானும் சங்கரும் பந்தயம் கட்டுவோம். ஒருநாள் தபால்பெட்டி. ஒருநாள் பிரசவ அறை. "அங்க போயி இருக்கப்பட்டவளுக்குப் பிள்ள பொறக்காதா?" என்று கேட்டாள்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் ரீனா காக்கிமா இருந்தார். காக்கிமா என்றால் சித்தி. அங்கே பக்கத்து வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் பால்கனித் துணியிலிருந்து அவர் வடகத்தில் தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்ல ஒருநாள் மேலே வந்தார். பெங்காலிகளும் வடகம் போடுவார்கள், பருப்பில், சின்னச் சின்னதாக. கோபமாகத்தான் வந்தார். கதவு திறந்ததும் மேசையைப் பார்த்துவிட்டார்.

"ஏ கீ! கே பானியேச்சே?" என்று கத்தினார். இது என்ன, யார் செய்தது என்று அர்த்தம். மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தேன். வீட்டின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர் அப்போது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அதற்குள் அம்மா தன் நெஞ்சில் விரலை வைத்து, "ஆமி" என்றாள்.

நான் என்று அர்த்தம். எங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே தெரியாமல் உள்ளே போயிருந்த சொல். வாயைவிட்டு வந்ததும் அவளே திகைத்துப்போனாள்.

காக்கிமாவுக்கு வடகம் மறந்தே போனது. ஒவ்வொரு அறையாகக் குனிந்து பார்த்தார். சமையலறைக்கு வந்ததும் முகம் சுருங்கியது. மீனை எங்கே வைப்பார்கள் என்று கேட்டார். நாங்கள் சைவம், மீன் கிடையாது என்று நான் சொன்னேன். "பங்காலி ஜாபே, மாச் ஜாபே நா?" என்றார். பெங்காலி போவான், மீன் போகாதா என்று கேட்கிறார். அம்மா குழம்பிப்போய் என்னிடம், "யாருட்டி பங்காளி? நமக்கு இங்கன ஏது பங்காளி?" என்றாள். அதை நான் காக்கிமாவுக்கு விளக்க, அவர் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் நிலையத்தின் அடுத்த ஓரத்தில் நீலத்தில் இரண்டாவது சமையலறை வந்தது. இரண்டுக்கும் நடுவில் அம்மா ஒரு சுவர் வைத்தாள். காக்கிமா அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார். பையில் யாருடையதோ தெரியாமல் கிடந்த ஜன்னல்தான்.

ஜனவரியில் எங்கள் பிளாக்கின் சமூகக் கூடத்தில் குழந்தைகளின் கைவினைக் கண்காட்சி நடக்கும். காக்கிமா அதை நடத்துகிறவர்களிடம் போய்ப் பேசி, போட்டிக்கு இல்லாமல் வெறும் பார்வைக்கு என்று அம்மாவுக்கு ஒரு மேசை வாங்கிவந்துவிட்டார். அம்மா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு, "எப்பிடியும் ஊருக்குப் போப்போறோம். யாரு என்ன நெனச்சா என்ன?" என்று கிளம்பினாள். ரயில் டிக்கெட் அப்போது அப்பாவின் அலமாரிக்கு வந்துவிட்டிருந்தது.

நிலையத்தை எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்து, அதை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் உட்கார்ந்தாள். நானும் சங்கரும் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டோம். தெருவெல்லாம் யாரோ வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை, குளிர்காலத்து ஈச்சவெல்லம். அதை மூக்கை உறிஞ்சி ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் ரிக்‌ஷா வேகத்தடையில் ஏறி இறங்கியது. நிலையம் ஒரு துள்ளுத் துள்ளி, தாம்பாளத்தில் பாதியும் தெருவில் பாதியுமாக விழுந்தது. சங்கர் ஓவென்று அழுதான். ரிக்‌ஷாக்காரர் இறங்கி ஓடி ஓடிப் பொறுக்கித் தந்தார். நான் அம்மாவைப் பார்க்கவே பயந்தேன். வீட்டுக்குப் போவோம் என்பாள், கதவைச் சாத்துவாள், பிறகு ரயில் ஏறுவோம். அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா மிச்சமிருந்ததைத் தாம்பாளத்தின் நடுவில் ஒதுக்கினாள். பிறகு, "ஏட்டி, அங்கன பழைய பேப்பர் கெடைக்குமா?" என்றாள்.

கூடத்துக்குப் போனதும் மேசையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கட்டைகளைக் கொட்டினாள். அந்தச் சத்தம் போதும், இருந்த குழந்தைகளெல்லாம் சுற்றிவந்து குத்தவைத்துவிட்டார்கள். நான் பக்கத்தில் மொழிபெயர்க்கத் தயாராக நின்றேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சின்னப் பெண்ணிடம் கையை நீட்டி, "லால் தாவ்" என்றாள். சிவப்பைக் கொடு. அவள் கொடுத்தாள். "சோட்டோ, சோட்டோ" என்றாள். ஒரு பையன் சின்னதைத் தேடித் தந்தான். "ஆர் ஏக்டா." இன்னொன்று. கீழிருந்து குரல்கள் கிளம்பின. குளியலறை எங்கே? பூனை எங்கே தூங்கும்? கிரிக்கெட் எங்கே விளையாடுவார்கள்? அம்மா பாதி பெங்காலியிலும் பாதி திருநெல்வேலியிலும் பதில் சொன்னாள், அவர்களுக்கு எல்லாம் புரிந்தது. கிரிக்கெட்டுக்கு இடம் வேண்டும் என்று ஒரு பக்கம் நீண்டது. பூனைக்கு ஒரு மாடம் வந்தது. கட்டி முடித்தபோது அது வீட்டிலிருந்து கிளம்பிய நிலையமே இல்லை. இரண்டு மடங்கு அகலமாக, கோணல்மாணலாக, பத்துக் கைகள் பட்டதாக நின்றது. எனக்கு முந்தையதைவிட இதுதான் பிடித்திருந்தது.

அலுவலகத்திலிருந்து நேராக வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். குரங்குக் குல்லாவைக் கழற்றக்கூட இல்லை. கூட்டத்துக்கு நடுவில் அவருடைய மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காக்கிமாவிடம் மீன் சமையலறையின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினோம். அம்மா யாரையும் கேட்காமல் எங்கள் தெருவில் திரும்பினாள். அப்பா மெதுவாக, "கோமு, அந்த டிக்கெட்டு..." என்று ஆரம்பித்தார்.

"எடுத்தது இருக்கட்டும். லீவுக்குப் போவோம்" என்றாள் அம்மா. கொஞ்சதூரம் போனபிறகு, "திரும்பி வாரதுக்கும் சேத்து எடுத்துருங்க" என்றாள்.

அப்பா குல்லாவைக் கழற்றினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி" என்று மட்டும் சொன்னார். சங்கர் என் கையைக் கிள்ளினான். வலித்தது, ஆனால் நான் கத்தவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டு மத்தியானங்கள் எங்களுடையவை இல்லை. பிளாக்குக் குழந்தைகள் சாப்பிட்ட கை காய்வதற்குள் மாடியேறி வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அம்மா மாஷிமா, அதாவது பெரியம்மாவோ சித்தியோ, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நிலாவில் ரேஷன் கடை கட்டினார்கள், வரிசையோடு. செவ்வாய்க்குப் போகும் பள்ளிப் பேருந்து கட்டினார்கள், வாந்தி வருகிறவர்களுக்குத் தனி ஜன்னல் வைத்து. ஒன்றைப் பிரித்தால்தான் அடுத்ததற்குக் கட்டை கிடைக்கும் என்பதால் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. படம் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கு மாற்றல் வரவேண்டிய நேரத்தில் அம்மாவே, இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே கேட்டுப்பாருங்கள் என்று சொல்லி எழுதவைத்தாள். நான் கல்லூரி முடித்தது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் இந்த ஊரில்தான். அப்பா ஓய்வு பெற்றபிறகு அவர்கள் திருநெல்வேலிக்குப் போய்விட்டார்கள். ஞாயிறுதோறும் காக்கிமாவுக்கு அம்மா போன் போடுகிறாள். அவள் பேசுகிற பெங்காலி அப்பாவுக்குப் புரியவில்லையாம். எனக்கே சமயத்தில் புரிவதில்லை.

பிறந்தநாள் விருந்து முடிந்து திரும்பும்போது டிரைவரிடம் வண்டியைப் பழைய குடியிருப்பு வழியாக விடச் சொன்னேன். கட்டடத்தைக் காலி செய்துவிட்டார்கள். இடித்துவிட்டு உயரமாகக் கட்டப்போகிறார்களாம். காவலாளி உள்ளே விட்டார். காக்கிமா மகளோடு பாலிகஞ்ச் போய்விட்டார். மத்தியானம் கட்ட வந்த பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் எங்கெங்கோ இருக்கிறார்கள். நல்ல வேலையில் இருக்கிறார்கள், சந்தோஷம்தான். இரண்டாவது மாடி வரைக்கும் ஏறினேன். கதவையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி ஆனால் அந்தக் கதவைப் பத்துச் சின்னக் கைகள் தட்டும். "மாஷிமா, தொர்ஜா கோலோ!" கதவைத் திற என்று அவர்கள் கத்துகிற கத்தலில் உள்ளே பாத்திரம் அதிரும். இப்போது திறக்கக் கதவும் இல்லை, கத்த ஆளும் இல்லை.